ஒலிபெருக்கியில் வந்த பெயர்

மதோகாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைப்பது அபூர்வம். கியோத்தோவில் ஒரு பெரிய கடையின் நிலவறைத் தளத்தில், இனிப்பு விற்கும் கவுண்டரில் அவளுக்கு வேலை. ஊரெல்லாம் ஓய்வெடுக்கும் நாளில்தான் அங்கே கூட்டம் நெரியும். அதனால், ரென்ஜியை விவாகரத்து செய்த நாளிலிருந்து, மகள் சுமிரேவின் ஞாயிற்றுக்கிழமைகள் அக்கா கசுயோவின் பொறுப்பாகிவிட்டன.

கசுயோவுக்குக் குழந்தை கிடையாது. கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கார் இருந்தது, நேரம் இருந்தது. காலையில் வந்து சுமிரேவை அழைத்துக்கொண்டு போவாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் மூவருமாகச் சாப்பிட உட்காரும்போது அன்றைய கதையைச் சொல்வாள். மிருகக்காட்சி சாலையில் சிவப்புப் பாண்டா எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது, நகராட்சி நீச்சல் குளத்தில் ஒரு பெரியவர் தலையில் இருந்த தொப்பியைக் குளம் முழுக்கத் தேடியது என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். காலையிலிருந்து நின்றே வலித்த கால்களைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டு மதோகா கேட்பாள். அந்த அரைமணி நேரம்தான் அவளுக்கு வாரத்தில் பிடித்த நேரம்.

ஜூலைக் கடைசியில் கடையின் நிலவறைத் தளத்தைப் பழுது பார்ப்பதற்காக ஒரு ஞாயிறு மூடினார்கள். மதோகா உடனே முடிவு செய்துவிட்டாள். கடலுக்குப் போக வேண்டும், அதுவும் ஹமாசேவுக்கு. கவுண்டரில் பக்கத்தில் நிற்கும் பெண் அந்தக் கடற்கரையைப் பற்றி ஓயாமல் பேசியிருந்தாள். வகாசாக் கடலோரத்தில் குழந்தைகளோடு போக அதுபோல இடம் இல்லை, அலைதடுப்புச் சுவர் இருப்பதால் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும், வெகுதூரம் போனாலும் இடுப்பளவுதான், கழிப்பறை மருத்துவமனை போலச் சுத்தம், குளிக்க வெந்நீர்கூட வரும் என்றெல்லாம் சொல்லியிருந்தாள்.

போனில் கேட்டதும் கசுயோ தயங்கினாள்.

"ஹமாசேயா? அங்க எதுக்குடி? கூட்டம் பிதுங்கும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பேசாம பிவா ஏரிக்குப் போயிடலாம், பக்கத்துலயே இருக்கு."

"ஏரி ஏரிதான்க்கா. அவளுக்கு உப்புத் தண்ணி காட்டணும். பாவம், கடலையே சரியாப் பாத்ததில்ல."

"சரி, உன் இஷ்டம்" என்றாள் கசுயோ.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் கசுயோ கொஞ்சமும் யோசிக்காமல் கடைசி வரிசைக்குப் போய், பைன் மர நிழலில் வண்டியை விட்டாள். மதோகா கூடாரத்தையும் ஐஸ் பெட்டியையும் இறக்கினாள். சுமிரே நீச்சல் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

"அம்மா, செருப்பைக் கழட்டாத! மணல் சுடும். அந்தப் பலகை போட்ட வழியா வா. வெந்நீர் வர்ற குழாய் அந்தக் கடைசில இருக்கு, மத்ததுல எல்லாம் பச்சைத் தண்ணிதான்."

மதோகா சிரித்தாள். "அடேயப்பா! உனக்கு எப்படிடி தெரியும்?"

சுமிரே திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தாள். கசுயோ ஐஸ் பெட்டியின் மூடியைச் சரிசெய்தபடியே சொன்னாள்: "வாசல்ல போர்டு வெச்சிருக்கானே. இவ இப்ப கண்ணுல படுற போர்டையெல்லாம் படிக்கிறா."

மகள் அவ்வளவு வேகமாகப் படிக்கிறாளா என்று மதோகாவுக்குப் பெருமையாக இருந்தது.

கடற்கரை முழுக்கக் குடும்பங்கள். ஒரே கடையில் வாங்கியதுபோல் எங்கு பார்த்தாலும் நீலக் கூடாரம், இவர்களுடையதும் நீலம்தான். அப்பாக்கள் கன்னம் உப்ப மிதவைகளை ஊதிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தைகள் கூடார நிழலில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. உயர்ந்த மரக் கோபுரத்தில் மஞ்சள் சட்டை போட்ட உயிர்காப்பாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெல்லிமீன் தடுக்கும் வலையின் ஆரஞ்சு மிதவைகள் தூரத்தில் வரிசையாக ஆடின.

சுமிரேவோடு ஒருமுறை தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு மதோகா பாயில் சாய்ந்தாள். கசுயோ, "நான் போய் நூடுல்ஸ் வாங்கிட்டு வர்றேன். வரிசை பெருசா இருக்கும்" என்று கிளம்பினாள். "நானும் பாத்ரூம் போகணும்" என்று சுமிரே எழுந்தாள். இருவரும் சேர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே மதோகா கண்ணை மூடினாள். பல மாதக் களைப்பு உடம்பில் இருந்தது. உடனே தூங்கிப்போனாள்.

அவளை எழுப்பியது ஒலிபெருக்கி. கோபுரத்திலிருந்து ஒரு பெண் குரல் நிதானமாக அறிவித்துக்கொண்டிருந்தது.

"வழி தவறிய ஒரு குழந்தை எங்களிடம் பத்திரமாக இருக்கிறாள். பூப்போட்ட நீல நீச்சல் உடை. பெயர் இவாசே சுமிரே. குழந்தையின் தந்தை திரு. இவாசே ரென்ஜி அவர்கள் உடனடியாகக் கண்காணிப்புக் கூடத்துக்கு வரவும். மீண்டும் அறிவிக்கிறோம். இவாசே ரென்ஜி அவர்கள்..."

முதலில் தான் இன்னும் கனவில் இருப்பதாகத்தான் மதோகா நினைத்தாள். அந்தப் பெயரை அவள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. இவாசே என்ற குடும்பப் பெயரைச் சுமிரேவின் பள்ளிப் பையிலிருந்து பிரித்தெடுத்து, தன் பிறந்த வீட்டுப் பெயரான கிதானோவை அவளே தைத்தாள். இப்போது அந்தப் பெயர் கடற்கரை முழுக்க, கடலுக்கு மேலே, ஊருக்கே கேட்கும்படி ஒலித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கூடாரத்து ஆள், "பாவம், அப்பன் எங்க தூங்குறானோ" என்று மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள். மணல் காலைச் சுட்டது.

கண்காணிப்புக் கூடத்து வாசல் பெஞ்சில் சுமிரே உட்கார்ந்து, காகிதக் கோப்பையில் பார்லி தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அழுத முகம். பக்கத்தில் வெயிலில் கறுத்த இளம்பெண் ஒருத்தி, உயிர்காப்பாளர், முழங்காலிட்டு அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் இவளோட அம்மாங்க."

அந்தப் பெண் எழுந்து பணிவாகத் தலை தாழ்த்தினாள். "மன்னிச்சுக்கங்க, அப்பா பேரை மட்டும்தான் சொன்னா. அம்மா வந்திருக்கறது தெரியாம போச்சு. போன தடவையும் அப்பாதானே வந்து கூட்டிட்டுப் போனாரு, அதான்."

"போன தடவையா?"

"கடற்கரை திறந்த வாரம். அன்னிக்கும் இப்படித்தான் கூடாரம் மாறிப் போயிட்டா. எல்லாமே நீலமா இருக்கா, பெரியவங்களே தடுமாறுறாங்க. பெயரைச் சொன்னதுமே அப்பா பறந்து வந்துட்டாரு. கையில குட்டித் தம்பியை வேற தூக்கிக்கிட்டு." அவள் சுமிரேவைப் பார்த்துச் சிரித்தாள். "தம்பி இன்னிக்கு வரலையா?"

சுமிரே கோப்பையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதோகா நன்றி சொன்னாள். தலை தாழ்த்தினாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். எல்லாவற்றையும் வேறு யாரோ செய்வதுபோல் இருந்தது. கால் கழுவும் குழாய்கள் இருந்த பக்கம், கொஞ்சம் நிழலான இடத்தில் நின்றாள்.

"சுமிரே, அப்பாவை நீ எப்பப் பாத்த?"

"பெரியம்மாகூட வர்றப்பதான்."

"இங்கயா?"

"வெயில் காலத்துல இங்க. குளிர் காலத்துல அப்பா வீட்டுல." சொல்லிவிட்டு அவள் அவசரமாகத் தொடர்ந்தாள். "நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்மா. இவ்ளோ நாள் நல்லாக் காப்பாத்தினேன். பயமா இருந்துச்சா, அதுல மறந்துட்டேன். இங்க தொலைஞ்சு போனா அப்பா பேரைச் சொன்னா அப்பா வந்துடுவாரு. அதான் சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லக் கூடாது?"

"நீ அழுவியாம். வேலைக்குப் போக மாட்டியாம். பெரியம்மா சொன்னாங்க."

அப்போது கசுயோ வந்தாள். கையில் மூன்று நூடுல்ஸ் பெட்டிகள், ஒரு ஐஸ் கோப்பை. சிவப்புச் சாறு உருகி அவள் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது. அவளும் அறிவிப்பைக் கேட்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"குழந்தை முன்னாடி வேண்டாம்டி" என்றாள்.

"குழந்தை முன்னாடிதானே எல்லாம் நடந்திருக்கு. எனக்குப் பின்னாடிதான் நடந்திருக்கு."

"மெதுவாப் பேசு. ஜனங்க பாக்கறாங்க."

மதோகா மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவள் சுமிரேவிடம் ஐஸ் கோப்பையைக் கொடுத்து, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"எப்பலேருந்து?"

"போன வருஷம் செர்ரி பூத்தப்ப."

"சிவப்புப் பாண்டா?"

கசுயோ நூடுல்ஸ் பெட்டிகளை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிப் பிடித்தாள்.

"தூங்கிக்கிட்டே இருந்துச்சுன்னு சொன்னியே. நான் அப்படிச் சிரிச்சேன். தொப்பி தேடின பெரியவர்? சொல்லுக்கா, அவராவது நிஜமா?"

"அது டிவில வந்தது."

மதோகா குழாயைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஒரு அம்மா, "எங்களுக்குக் கொஞ்சம் வழி விடறீங்களா?" என்று கேட்க, இருவரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கி நின்றார்கள். இரட்டைக் குழந்தைகளின் நான்கு கால்களும் கழுவி முடியும்வரை அக்காவும் தங்கையும் காத்து நின்றார்கள்.

அவர்கள் போனதும் மதோகா சொன்னாள்: "சுமிரே அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருந்தா, ஞாபகம் இருக்கா? வர்றேன்னு சொல்லிட்டு அவன் வரவே இல்ல. இருட்டின பிறகும் எழுந்திரிக்க மாட்டேன்னுட்டா. அடுத்த மாசமும் அதேதான். அதுக்கடுத்த தடவையும். அன்னிக்கு என் போனை வாங்கி அவன் நம்பரை அழிச்சது யாரு? 'இவனை அறுத்து விடு, நான் இருக்கேன்'னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"அவன் எனக்கு போன் பண்ணான். அழுதான்டி. குடியை விட்டுட்டேன், இந்த ஊர்த் துறைமுகத்துல நிலையான வேலை கிடைச்சிருக்கு, ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்னான். நானும் ஒரு தடவைதான்னு நெனச்சேன். சுமிரே அவனைப் பாத்ததும் ஓடின ஓட்டத்தை நீ பாத்திருக்கணும்."

"பாத்திருக்கணும்தான். நீ எங்க விட்ட?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப? நான் செஞ்சதுல என்னடி தப்பு? குழந்தைக்கு அப்பன் கிடைச்சான். உனக்கும் எந்தத் தொந்தரவும் இல்ல."

"மாட்டேன்னு சொல்றதுக்கும், அப்புறமா என்னிக்காவது சரின்னு சொல்றதுக்கும் நான்தான்க்கா இருக்கேன். அதுக்கு நீ எதுக்கு?"

கசுயோவின் முகம் சிவந்தது. "எப்பவும் காயப்பட்டவ நீ மட்டும்தான். ஞாயித்துக்கிழமை முழுக்க அவகூட இருந்தது யாரு? ஜுரம் வந்தா ஓடி வர்றது யாரு? ஒரு முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லையா?"

மதோகா கையை நீட்டினாள். "அவன் நம்பரைக் குடு." கசுயோ போனை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, எண்ணை அனுப்பினாள்.

சுமிரே ஐஸ் சாப்பிடவே இல்லை. கோப்பையில் சிவப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது. மதோகா அவளைக் கடலுக்கு அழைத்துப் போனாள். மகளை நீச்சல் வளையத்தில் உட்கார வைத்து, ஆரஞ்சு மிதவைகள்வரை தள்ளிக்கொண்டே நடந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. இங்கே அழுதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள். ஆனால் அழுகை வரவில்லை.

"அம்மா, பெரியம்மாவை அடிப்பியா?"

"சே, அடிப்பாங்களா?"

"என் மேல கோவமா?"

"இல்லவே இல்ல." அவள் வளையத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "தம்பி எப்படி இருப்பான்?"

சுமிரே தாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் சோதித்துப் பார்த்தாள். பிறகு பேச்சு மடை திறந்தது. தம்பிக்கு மேலே ரெண்டு பல், மணலை அள்ளித் தின்பான், அவனுடைய அம்மா நல்லவங்க, ஆனா சாதத்தைக் குழைச்சிடுவாங்க, அப்பா இப்பல்லாம் எப்பவும் நமக்கு முன்னாடியே வந்து நிப்பாரு. ஒன்றேகால் வருடத்துக் கதையும் அங்கேயே கொட்டியது. மதோகா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். இந்த மணலில் ஒரு குடும்பம் ஞாயிறுதோறும் கூடிக் களித்திருக்கிறது. அதில் அக்காவுக்கு இடம் இருந்திருக்கிறது, மகளுக்கு இருந்திருக்கிறது. மதோகா மட்டும் நிலவறையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கரையேறி, கடைசிக் குழாயில் மகளைக் குளிப்பாட்டினாள். உண்மையாகவே வெந்நீர் வந்தது. உடை மாற்றும் அறையில் தலை உலர்த்திக்கொண்டிருந்தபோது கசுயோ வாசலில் வந்து நின்றாள்.

"வண்டியை முன்னாடி கொண்டாறேன்."

"நாங்க ரயில்ல வர்றோம்."

"ரெண்டு இடத்துல மாறணும்டி. குழந்தை தூங்கிடுவா."

"தூங்கினா தூக்கிக்கறேன்."

கசுயோ இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். முடி உலர்த்தும் கருவியின் வேகத்தை மதோகா கூட்டினாள்.

நிலையத்தில் ரயிலுக்கு நேரம் இருந்தது. நடைமேடை முனையில் சுமிரே தண்டவாளத்து ஓரப் பூக்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் கண்ணை வைத்தபடியே மதோகா அந்த எண்ணை அழைத்தாள். என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை. திட்டுவோம் என்றுதான் நினைத்தாள்.

"மதோகாவா?" ரென்ஜியின் குரலில் ஆச்சரியம் இருந்தது, பயம் இல்லை. "நீயே பேசுவேன்னு நான் எதிர்பாக்கல. எனக்கு... ரொம்ப சந்தோஷமா இருக்கு. அக்கா சொல்லியிருந்தாங்க, நீ எல்லாத்துக்கும் சம்மதிச்சாலும் என்கிட்ட நேர்ல பேச உனக்கு இன்னும் மனசு வரலைன்னு. அது நியாயம்தான்னு நானும் தொந்தரவு பண்ணல."

மதோகா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"ஒவ்வொரு தடவையும் உனக்கு நன்றி சொல்லச் சொல்லி அனுப்புவேனே, அக்கா சொன்னாங்களா? பையன் பிறந்தப்ப நீ குடுத்தனுப்பின போர்வை இருக்கு பாரு, அது இல்லாம அவன் இன்னும் தூங்க மாட்டேங்கறான். என் பொண்டாட்டி உன்னைப் பத்தி எப்பவும் சொல்லுவா, எவ்ளோ பெரிய மனசுன்னு. மதோகா? கேக்குதா?"

"கேக்குது."

"நான் உனக்குப் பண்ணதுக்கு நீ மன்னிச்சதே பெருசு."

"நான் எந்தப் போர்வையும் குடுத்தனுப்பல" என்றாள் மதோகா. "உனக்குப் பையன் பிறந்திருக்கான்னு எனக்கு இன்னிக்கு மத்தியானம்தான் தெரியும். நீங்க பாத்துக்கறது எதுவும் எனக்குத் தெரியாது."

ரென்ஜி, "ஐயோ" என்றான். மறுபடியும், "ஐயோ, மதோகா." அவன் எப்போதும் பொய்யை அவசரமாகச் சொல்லுகிறவன். இந்த 'ஐயோ' மெதுவாக வந்தது. அவள் நம்பினாள்.

ரயில் வந்தது. மலையைக் குடைந்து போகும் வழியெல்லாம் சுமிரே அவள் மடியில் தூங்கினாள். மதோகா யோசித்துக்கொண்டே வந்தாள். ரென்ஜி ஏமாற்றியிருந்தால் பழகிய வலியாக இருந்திருக்கும். ஆனால் இங்கே அவள் பெயரால், அவளைக் கேட்காமல், இன்னொரு மதோகா ஒருவனை மன்னித்து, அவன் குழந்தைக்குப் போர்வை வாங்கிக் கொடுத்து, பெரிய மனசுக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறாள். அந்த இன்னொரு மதோகாவாக ஞாயிறுதோறும் வாழ்ந்தவள் கசுயோ. இரண்டு வீடுகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, தான் இல்லாமல் யாருக்கும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டவள்.

அடுத்த ஞாயிறு காலை கசுயோ வழக்கம்போல மணியடித்தாள். சுமிரே ஏற்கெனவே பக்கத்துத் தெருவில் பள்ளித் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மதோகா சீருடையோடு வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"ரென்ஜி போன் பண்ணி என்னைக் கண்டபடி பேசிட்டான்" என்றாள் கசுயோ. கண்கள் வீங்கியிருந்தன. "போர்வை உன் பேர்ல குடுத்தது தப்புதான். ரெண்டு பக்கமும் சண்டை இல்லாம இருக்கட்டும்னுதான் செஞ்சேன். என் ஒரே தங்கச்சி நீ. மன்னிச்சிடுடி."

"என் பேர்ல எல்லாரையும் நீயே மன்னிச்சிட்ட. இதுக்கு மட்டும் எதுக்கு என்னைக் கேக்கற?"

கசுயோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவளைப் பாக்காம நான் என்ன பண்ணுவேன்?"

"தெரியல" என்றாள் மதோகா. உண்மையாகவே தெரியவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, கதவைப் பூட்டி, அக்காவைத் தாண்டிப் படி இறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை பின்னால் காலடி கேட்கவில்லை.

இலையுதிர் காலம் வந்தபோது ஏற்பாடுகள் மாறியிருந்தன. மாதத்தில் ஒரு வார நாள், மதோகாவுக்கு விடுப்பு கிடைக்கும் அன்று, பள்ளி விட்டதும் ரென்ஜியே ரயிலேறி கியோத்தோ நிலையத்துக்கு வந்தான். சொன்ன நேரத்துக்கு வந்தான். ஒருமுறை மனைவியும் குழந்தையோடு வந்தாள். மதோகா அந்தப் பையனைத் தூக்கவில்லை, ஆனால் அவன் நீட்டிய பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள். கசுயோ புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்பினாள். மதோகாவும் ஒரு வரி பதில் எழுதினாள். அதற்குமேல் எழுத வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுமிரே தோழி வீட்டிலிருந்து வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அன்று நடந்ததை எல்லாம் சொல்வாள். என்ன விளையாடினோம், யார் அழுதார்கள், நாய்க்குட்டி எப்படிச் செருப்பைக் கடித்தது என்று நன்றாகவே சொல்வாள். பெரியம்மாவைப் போலவே கையை ஆட்டி, குரலை மாற்றி, சிரிப்பு வரும்படி சொல்வாள். மதோகா சிரிக்கத் தொடங்குவாள். பாதியில் அவளையும் அறியாமல், "நிஜமாவா?" என்று கேட்டுவிடுவாள். சுமிரே பேச்சை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்ப்பாள். "நிஜமாதாம்மா" என்பாள். அதன்பிறகு மீதிக் கதையைக் கையை ஆட்டாமல் சொல்லி முடிப்பாள்.